கண்குழியையும் நுரையீரலையும் தாக்கும் ஜி.பி.ஏ. நோய்

கிரானுலோமடோசிஸ் வித் பாலிஆஞ்சைட்டிஸ், சுருக்கமாக ஜி.பி.ஏ., சிறிய, நடுத்தர இரத்தக்குழாய்களில் அழற்சியை உண்டாக்கும் அரிய நோய். உடலின் எதிர்ப்பாற்றல் தன் திசுக்களையே தாக்குவதால் வருவது. மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றையே பெரும்பாலும் பாதிக்கும். சிலருக்கு முதல் அடையாளம் கண்குழியில் தெரியும்.

விழிக்குப் பின்னால் கட்டிபோலத் திசு திரண்டு கண்ணை முன்னே பிதுக்கும். வலி இருக்கும், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியலாம். சுற்றிலும் எலும்பு என்பதால் வீக்கத்துக்கு உள்ளே இடமில்லை. பார்வை நரம்பு நசுங்கிப் பார்வையே போகக்கூடும். பக்கத்துச் சைனஸில் தொடங்கிய அழற்சி எலும்பை அரித்துக்கொண்டு கண்குழிக்குள் நுழைவதும் உண்டு. அத்தகையோருக்கு மூக்கில் இரத்தம் கலந்த பொருக்கு மாதக்கணக்கில் கட்டியிருக்கும். மூக்குத்தண்டு சரிந்தும் போகலாம்.

நுரையீரலில் முடிச்சுகள் தோன்றி, சில நடுவில் சிதைந்து குழியாகும். இருமினால் இரத்தம் வரலாம். காசநோய் மிகுந்த இந்தியாவில் இப்படியொரு எக்ஸ்ரேயைக் கண்டதும் காசநோய் என்றே நினைக்கத் தோன்றும். சளியில் கிருமி அகப்படாமல், காசநோய் மாத்திரைக்கும் குணம் தெரியாமல் போனால் கண்ணையும் மூக்கையும் விசாரித்தாக வேண்டும். கண் மருத்துவரும் காரணம் புரியாத கண்குழி அழற்சிக்கு வெறும் ஸ்டீராய்டு எழுதி அனுப்பிவிடக் கூடாது. மார்புப் படமும் சிறுநீர்ப் பரிசோதனையும் அவசியம். ஸ்டீராய்டில் வீக்கம் வடிந்தாலும் சிறுநீரகம் அறிகுறி காட்டாமலே கெட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆன்கா என்னும் எதிர்ப்புரதத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1985இல் வெளிவந்தது. நோய் கண்குழியோடு நிற்கும்போது இந்த இரத்தப் பரிசோதனை நெகட்டிவாகவும் வரும். அதை நம்பி நோயில்லை என்று முடிவுகட்ட இயலாது. சார்கோயிடோசிஸ், ஐஜிஜி4 நோய், லிம்போமா, பூஞ்சைத் தொற்று ஆகியவையும் இதேபோலத் தோன்றுவதால் திசுவை எடுத்துப் பார்ப்பதே நல்லது.

1931இல் ஜெர்மனியின் ஹைன்ஸ் கிளிங்கர் இந்நோயை விவரித்தார். 1936இலும் 1939இலும் பிரீட்ரிக் வெகனர் விரிவாக எழுதியதால் அவர் பெயரே நிலைத்தது. அவர் நாஜிக் கட்சியில் இருந்தது வெளிப்பட்டபின், 2011இல் மருத்துவ அமைப்புகள் இன்றைய பெயரைப் பரிந்துரைத்தன.

சிகிச்சை இல்லாத காலத்தில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்தனர். 1970களில் ஸ்டீராய்டோடு சைக்ளோபாஸ்பமைடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதும் நிலை மாறியது. 2011இல் ரிடக்சிமாப் மருந்தை இந்நோய்க்குப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதி அளித்தது. நுரையீரல் முடிச்சுகள் கரைந்த பிறகும் கண்குழித் திசு மருந்துக்கு எளிதில் பணியாமல் வடுவாக இறுகிவிடுவதுண்டு. நெடுநாள் நசுங்கிய பார்வை நரம்பு பெரும்பாலும் மீள்வதில்லை.