பேரு மறந்தாலும் அடவு மறக்காது

ராஜா அண்ணாமலைபுரம் க்ரீன்வேஸ் ரோட்டுல பிராடி காசில் தெரியும்தானே? 1790-கள்ல கம்பெனிக்காரர் ஜேம்ஸ் பிராடி கட்டின மாளிகை. அப்புறம் இசைக் கல்லூரி ஆச்சு, 2013-ல இசைப் பல்கலைக்கழகம். அங்க பரதம் படிச்சவங்ககிட்ட 'தட்டடவு எப்படிப் போடறது'ன்னு கேளுங்க. வாயால விளக்கத் திணறுவாங்க. எழுந்து நின்னு போட்டே காட்டிடுவாங்க.

இந்தக் கால் ஞாபகம் மூளையில தனி இடத்துல இருக்குன்னு தெரிய வந்த கதை சோகமானது. 1953-ல அமெரிக்காவுல ஹென்றி மொலைசன்னு 27 வயசுக்காரருக்கு வலிப்பை நிறுத்தறதுக்காக, ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்துட்டாங்க. வலிப்பு குறைஞ்சது. ஆனா புதுசா எதுவும் மனசுல தங்கலை. பிரெண்டா மில்னர் அவரை, ஒரு நட்சத்திரப் படத்தைக் கண்ணாடியில மட்டும் பார்த்துக்கிட்டே வரையச் சொன்னார். மூணு நாள் நடந்தது. முந்தின நாள் செஞ்ச ஞாபகமே அவருக்கு இல்லை. கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கிட்டே போச்சு!

(மொலைசனுக்கு வந்தது டிமென்ஷியா இல்லை, அதையும் சொல்லிடறேன்.) ஆனா அல்சைமர் பெரும்பாலும் முதல்ல கைவைக்கிறதும் அதே ஹிப்போகாம்பஸ் பக்கம்தான். பழகின அசைவுகளைக் காக்கிற பேசல் கேங்லியாவும் சிறுமூளையும் கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும். ஏழு வயசுலேருந்து தட்டுக்கழிச் சத்தத்துக்கு ஆடின உடம்புன்னா கேக்கவே வேண்டாம்.

2003-ல ஜோ வர்கீஸ் குழு, நியூயார்க்ல 75 வயசு தாண்டின 469 பேரைப் பல வருஷம் கவனிச்சு எழுதினது பிரபலம். உடற்பயிற்சி வகைகள்ல நடனம் ஒண்ணுதான் டிமென்ஷியா குறைவோட சேர்ந்து வந்தது. உடனே 'ஆடினா நோய் வராது'ன்னு கிளம்பிடாதீங்க. நோய் உள்ளுக்குள்ள ஆரம்பிச்சவங்க முன்னாடியே ஆட்டத்தை விட்டிருக்கலாம் இல்லையா?

2020 கடைசியில சுத்தின மார்த்தா கொன்சாலஸ் வீடியோ ஞாபகம் இருக்கா? அல்சைமர் வந்த ஸ்பெயின் நடனக்காரர். 2019-ல எடுத்தது. காதுல 'ஸ்வான் லேக்' இசை கேட்டதும் சக்கர நாற்காலியிலயே கைகள் சிறகு விரிக்கும். நடுவுல ஒட்டின இளமைக்காலக் காட்சி அவரே இல்லை, யூலியா மகாலினாங்கிற ரஷ்ய நடனக்காரர். இந்த ஒட்டுவேலை எனக்குப் பிடிக்கலை. எதுக்கு அது? அந்தக் கைகளே போதுமே.

வீட்டுல இப்படி ஒருத்தர் இருந்தா, நாம தினமும் 'நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்'னு பரீட்சை வைக்கிறோம். பாவம், முழிக்கிறாங்க. அதுக்குப் பதிலா அவங்க ஆடின ஜதியையோ, கோலாட்டம் கும்மிப் பாட்டையோ போட்டுட்டு, எதிர்ல உக்காந்து தாளம் போடுங்க.