அரம் பிடித்த கையும் துளை போட்ட நாடாவும்

சி.என்.சி. மெஷின்னு சொன்னதும் கணினிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இந்தக் கதை தொடங்கும்போது மெஷின் பக்கத்தில் கணினியே கிடையாது. மூணு ஆட்களும் ஒரு எண் அட்டவணையும்தான் இருந்தார்கள்.

இடம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ட்ராவர்ஸ் சிட்டி. அங்கே ஜான் பார்சன்ஸின் நிறுவனம் ஹெலிகாப்டருக்கான விசிறி இறக்கைகள் செய்துவந்தது. இறக்கையின் வளைவுக்கு உலோக டெம்ப்ளேட் வேண்டும். வழக்கமாக 17 புள்ளிகளைக் குறித்து, அவற்றை வளைகோட்டால் இணைத்து, வெட்டி, மிச்சத்தை அரத்தால் ராவுவார்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வளைவு எப்படிப் போகும் என்பது அரம் பிடித்தவரின் கையையும் கண்ணையும் பொறுத்தது.

1940-களின் பிற்பகுதியில் அங்கே வேலை பார்த்த பொறியாளர் பிராங்க் ஸ்டூலன், இறக்கைக் கணக்குகளை ஐ.பி.எம். துளை அட்டை இயந்திரங்களில் போட்டுவந்தார். அதே இயந்திரத்தில் 17-க்குப் பதில் 200 புள்ளிகள் கிடைக்குமா என்று பார்சன்ஸ் யோசித்தார். கிடைத்தது. வெட்டும் கருவியின் ஆரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஒருவர் எண்களை வாசிக்க, இன்னொருவர் நீளவாட்டக் கைப்பிடியையும் மூன்றாமவர் குறுக்குவாட்டக் கைப்பிடியையும் திருப்பினார்கள். புள்ளிகள் நெருங்க நெருங்க அரத்துக்கு வேலை குறைந்தது. துல்லியம் கையை விட்டு எண்ணுக்கு மாறியது இங்கேதான்.

அப்புறம் மூணு ஆள் எதற்கு என்ற கேள்வி வராமல் இருக்குமா? 1949-ல் பார்சன்ஸுக்கு விமானப்படையின் ஒப்பந்தம் கிடைத்தது. அவர் எம்.ஐ.டி.யின் செர்வோ ஆய்வகத்தை நாடினார். செர்வோவின் வேலை சுலபமாகப் புரியக்கூடியதுதான். மேசை இப்போது எங்கே இருக்கிறது என்று அளந்து, இருக்கவேண்டிய இடத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் தீரும்வரை மோட்டாரை ஓட்டுவது. 1952 செப்டம்பரில் எம்.ஐ.டி., துளையிட்ட காகித நாடாவைப் படித்து மூன்று அச்சுகளிலும் நகரும் மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டியது.

இன்னொரு வழியும் இருந்தது. தேர்ந்த தொழிலாளி முதல் உருப்படியைக் கையால் செய்யும்போது மெஷினின் அசைவுகளைக் காந்த நாடாவில் பதிந்து, அதையே மறுபடி ஓட்டுவது. ஜெனரல் எலெக்ட்ரிக் இதைச் செய்தும் பார்த்தது. ஆனால் அது பெரிதாகப் பரவவில்லை. அறிவைப் பட்டறையிலிருந்து அலுவலக மேசைக்கு நகர்த்த நிர்வாகங்கள் விரும்பியதே காரணம் என்று டேவிட் நோபிள் 1984-ல் வெளிவந்த தன் நூலில் வாதிட்டார். சிக்கலான விமானப் பாகங்களைக் கையால் முதலில் செய்வதே கடினம் என்பது எதிர்வாதம். எனக்கு இரண்டும் பொருந்துவதாகவே தோன்றுகிறது. வளைவு கடினமானதால் கணக்கு தேவைப்பட்டது. ஆனால் கணக்கு எழுதுபவர் ஆபரேட்டராக இருக்கக்கூடாது என்று எந்த வளைவும் சொல்லவில்லை.

கை முழுசா போய்விடவும் இல்லை. வெட்டும் கருவி தேயும். அப்போது ஆபரேட்டர் மைக்ரோமீட்டரால் பாகத்தை அளந்து, ஆஃப்செட்டில் திருத்தம் போடுகிறார். அன்றைக்கு பார்சன்ஸ் பட்டறையில் சேர்த்துக்கொண்ட அதே ஆரம்தான் இது. அதை மெஷினிடம் சொல்ல இன்னும் பல பட்டறைகளில் ஒரு ஆள் பக்கத்தில் நிற்கிறார்.