பட்டுப்புழுவில் குளவியின் சுவடு

ஆரணித் தறிகளில் ஓடும் பட்டிழையை நூற்ற புழுவின் மரபணுக்களிடையே குளவி வைரசின் துண்டும் உண்டு!

ஒட்டுண்ணிக் குளவி, கம்பளிப்புழுவின் உடலில் முட்டையிடும்போது வைரஸ் துகள்களையும் சேர்த்தே செலுத்துகிறது. அவை புழுவின் எதிர்ப்பாற்றலை ஒடுக்க, முட்டை பிழைக்கிறது. இதனை 1981-இல் எட்சன், வின்சன் முதலியோர் மெய்ப்பித்தனர்.

பிராக்கானிடு இனக் குளவிகளில் இவ்வைரஸ் குளவியின் குரோமோசோமிலேயே குடியிருக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் புகுந்த நூடிவைரஸ் ஒன்றே இதன் மூதாதை என்பது 2009-இல் தெளிவாயிற்று. விருந்தாளி வீட்டுக்காரரான கதைதான்!

2015-இல் இதன் துண்டுகள் பட்டுப்புழுவிலும் காணப்பட்டன. குளவி கொட்டியும் பிழைத்த மூதாதைப் புழுவின் வழியே வந்திருக்க வேண்டும். படைப்புழு ஒன்றில் இத்தகைய மரபணு பக்குலோவைரசைத் தடுப்பதையும் அவ்வாய்வு காட்டிற்று. பட்டு வளர்ப்போரை வாட்டும் கிராசரி நோயும் பக்குலோவைரசால் வருவதே. பட்டுப்புழுவின் துண்டுக்கும் அவ்வாற்றல் உண்டா என்பதே இனி ஆராய்தற்குரியது.