ஆறு பேர் போதும்

1934 செப்டம்பர் 27, வியாழக்கிழமை இரவு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹெப்ரான் என்றொரு சின்ன ஊர். அங்கிருந்த கல்லூரி மைதானத்தில் விளக்கு போட்டு ஒரு ஃபுட்பால் ஆட்டம் நடந்தது. பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஹெப்ரான், டெஷ்லர் ஊர்ப் பையன்கள் ஒரு பக்கம், செஸ்டர், பெல்விடியர் பையன்கள் எதிர்ப்பக்கம். இரண்டே வாரப் பயிற்சி. பக்கத்துக்குப் பதினொரு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான் நின்றார்கள். ஆட்டம் 19-19 என்று சமனில் முடிந்தது.

யாருமே ஜெயிக்காத இந்த மேட்ச்தான் அமெரிக்கன் ஃபுட்பால் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மேட்ச்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பால் என்பதே ரக்பியைத் திருத்தித் திருத்தி உண்டாக்கிய விளையாட்டு. 1880-ல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் அணிக்குப் பதினைந்து பேர் என்றிருந்ததைப் பதினொன்றாகக் குறைக்க வைத்தார். பந்து ஒரே அணியிடம் நிலையாக இருக்கும் முறையும் அப்போதுதான் வந்தது. உடனே அதிலும் ஒரு ஓட்டை தெரிந்தது. 1881-ல் யேலும் பிரின்ஸ்டனும் ஆடியபோது, ஆளுக்கொரு பாதி ஆட்டம் பந்தை விடாமல் பிடித்துவைத்துக்கொண்டார்கள். பார்த்தவர்களுக்குக் கொட்டாவிதான். அதனால் 1882-ல் புது விதி: மூன்று முயற்சிக்குள் ஐந்து கெஜமாவது முன்னேறு, இல்லாவிட்டால் பந்தைக் கொடுத்துவிடு. கோடு போட்ட அந்த மைதானம் இந்த விதியின் குழந்தை.

எல்லாக் கண்டுபிடிப்பும் நல்லதாக அமையவில்லை. லோரின் டெலண்ட் என்பவர் ஃபுட்பால் ஆடியவரே இல்லை, சதுரங்கப் பிரியர். போர்த்தந்திரங்களைப் படித்துவிட்டு, 1892-ல் ஹார்வர்டு அணிக்கு ஒரு வியூகம் சொல்லிக் கொடுத்தார். ஆட்கள் ஆப்பு வடிவில் சேர்ந்து, ஓடிவந்த வேகத்தோடு எதிரணியின் ஒரே ஆள்மேல் போய் மோத வேண்டும். மூளை பிரமாதம்தான், ஆனால் எலும்பு உடைந்தது அடுத்தவனுக்கு! இரண்டே வருடத்தில் தடை செய்தார்கள். அப்படியும் கூட்டமாக மோதும் பழக்கம் போகவில்லை. 1905 சீசனில் மட்டும் பதினெட்டுப் பேர் வரை செத்துப்போனதாகப் பத்திரிகைகள் கணக்குப் போட்டன. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசும் அளவுக்குப் போனது. மறுவருடம்தான் பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி வந்தது.

இதெல்லாம் பெரிய பல்கலைக்கழகங்களின் கதை. 1934-ல் நெப்ராஸ்காவின் பிரச்சினை வேறு. பொருளாதாரப் பெருமந்தம் ஒரு பக்கம், வறட்சி இன்னொரு பக்கம். வயல்கள் காய்ந்தன, மண் புயலாகப் பறந்தது. கிராமத்துப் பள்ளிகளில் ஆடும் வயதுப் பையன்கள் மொத்தமே இருபது பேர் தேறினால் அதிகம். அதில் பதினொரு பேரைப் பிடித்து, மாற்று ஆட்களையும் சேர்த்து, எல்லாருக்கும் ஹெல்மெட் வாங்குவது எப்படி? எனவே ஃபுட்பாலே கிடையாது. ‘உங்க ஊர் ரொம்பச் சின்னது’ என்று விளையாட்டே சொல்லிவிட்டது.

செஸ்டர் பள்ளியின் கோச் ஸ்டீஃபன் எப்ளர் ஊரைப் பெரிதாக்க முடியாது, விளையாட்டைச் சின்னதாக்கலாம் என்று முடிவெடுத்தார்.

ஐந்து பேரைக் கழித்தால் போதுமே, இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, விதிகளைப் படிக்கும் வரை. மைதானம் 100 கெஜத்திலிருந்து 80 ஆகிறது, அகலம் 40 கெஜம். தடுக்க ஆள் குறைவு என்பதால் பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது கஷ்டம். அதனால் உதைக்குக் கூடுதல் மதிப்பு: மற்ற இடங்களில் மூன்று புள்ளி பெறும் ஃபீல்டு கோலுக்கு இங்கே நான்கு. இன்றைய விதிப்படி இரண்டாம் பாதியில் ஒரு அணி 45 புள்ளி முன்னால் போய்விட்டால் ஆட்டம் அதோடு முடிந்தது. தோற்கிறவனைப் போட்டு மிதிக்க வேண்டாம் என்பதற்காக.

ஆனால் உயிர் இருப்பது வேறு இரண்டு விதிகளில். முதலாவது, ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் எறிந்த பந்தைப் பிடிக்கலாம். பதினொரு பேர் ஆட்டத்தில் முன்வரிசையில் ஐந்து பேருக்கு அந்த உரிமை கிடையாது. வருடக்கணக்காக ஆடிவிட்டுப் பந்தையே தொடாமல் ஓய்வுபெறுகிறவர்கள் அவர்கள். இரண்டாவது, பந்தை முதலில் வாங்குகிறவன் தானே அதைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடக்கூடாது, இன்னொருவனுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆறு பேர் மட்டும் உள்ள அணியில் ஒருத்தன் பலசாலியாக இருந்தால் மற்ற ஐந்து பேரும் வேடிக்கைதான் பார்ப்பார்கள். அந்த ஆபத்தை முன்கூட்டியே பார்த்து அடைத்த விதி இது. ஆளைக் கழிக்கிறவனுக்கு இது தோன்றாது. மிச்சம் இருப்பவர்களைப் பற்றி யோசிக்கிறவனுக்குத்தான் தோன்றும்.

தெரு கிரிக்கெட்டில் நாமும் விதி மாற்றியவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் நம் விதிகள் அந்தத் தெருவோடு முடிந்துவிட்டன. எப்ளரின் விதிகளோ அந்த ஆட்டத்துக்குப் பிறகு அச்சாகி, நாடெங்கும் பயிற்சியாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பிறகு சின்னப் பள்ளிகள் பலவற்றை மூடி ஒன்றாக இணைத்தபோது அந்த அணிகளும் காணாமல் போயின. ஆனாலும் டெக்சாஸின் வறண்ட கிராமங்களில் இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஆறு பேர் ஃபுட்பால் ஆடுகின்றன.

இது ஒரிஜினல் ஃபுட்பாலே இல்லை என்கிறவர்களுக்கு ஜாக் பார்டியைக் காட்டலாம். டெக்சாஸின் கிறிஸ்டோவால் ஊரில் ஆறு பேர் ஆட்டம் ஆடி வளர்ந்தவர். தேசிய லீக்கில் பதினைந்து சீசன் ஆடி, மூன்று அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்தார். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய அணி, ஆட்களைப் பரப்பி நிறுத்திப் பந்தை எறிந்துகொண்டே இருப்பதற்குப் பேர்போனது. இரண்டுக்கும் நேர்க்கோடு போட மாட்டேன். ஆனால் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

எப்ளர் பிற்பாடு என்ன ஆனார்? 1946-ல் ஓரிகன் மாநிலத்தின் வேன்போர்ட்டில், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக ஒரு கல்லூரி தொடங்கினார். 1948 மே மாத வெள்ளத்தில் அந்த ஊரே அழிந்தது, கட்டடங்களும் போயின. கல்லூரியை மூடவில்லை, இடம் மாற்றி நடத்தினார்கள். அதுதான் இன்றைய போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். 1960-களில் கலிஃபோர்னியாவில் ஓலோனி கல்லூரிக்கும் அவரே முதல் தலைவர்.

இடம் கிடைக்காதவர்களுக்கு இடம் உண்டாக்குவதே அவர் வாழ்க்கை முழுக்கச் செய்த வேலை போலிருக்கிறது. ஃபுட்பால் அதில் முதல் வேலை. ஹெப்ரான் மைதானத்தில் அன்று ஆடிய பன்னிரண்டு பேரும் பந்தைப் பிடிக்கலாம். இப்போது நினைக்கும்போது, அந்த 19-19 சரியான ஸ்கோராகவே படுகிறது.