லாரி ஸ்டியரிங்: தோளுக்கு ஓய்வு, கண்ணுக்கு வேலை

இந்த எபிசோட்ல லாரி ஸ்டியரிங்கோட வரலாறு. "அது மெக்கானிக் ஷெட் சமாச்சாரம், நமக்கெதுக்கு?"ன்னு தோணலாம். ஆனா எதிர்ல வர்ற 10 டன் லாரி நம்ம பக்கம் வராம அதோட பக்கத்துலயே போகுதுன்னா, அதுக்குக் காரணம் சில இரும்புத் துண்டுகள்தான்.

முதல்ல அந்தச் சங்கிலியைப் பாத்துடுவோம். டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பினா, கீழே ஸ்டியரிங் பாக்ஸ்ல மாட்டியிருக்கிற டிராப் ஆர்ம் ஆடும். அது டிராக் லிங்க்கைத் தள்ளும். டிராக் லிங்க் ஒரு பக்கத்துச் சக்கரத்தைத் திருப்பும். டை ராட் அந்த அசைவை மறுபக்கத்துச் சக்கரத்துக்குக் கொண்டு போகும். இதுக்கு பேக்கப் கிடையாது. ஒரு மூட்டு கழண்டா வண்டி நம்ம கையில இல்லை.

ஆரம்பத்துல இந்தச் சங்கிலியை இயக்கினது டிரைவரோட தோள் பலம் மட்டும்தான். அமெரிக்காவுல பஃபலோ நகரத்து பியர்ஸ்-ஆரோ கம்பெனியோட லாரிப் பிரிவுல தலைமை இன்ஜினியரா இருந்த பிரான்சிஸ் டேவிஸ், வேலையை விட்டுட்டு இதுக்கு ஒரு தீர்வு தேடினார். அவரோட யோசனை எளிமையானது. ஆயில் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் வால்வு வழியை அடைச்சு அழுத்தத்தை ஏத்தும். 1926ல ஒரு பியர்ஸ்-ஆரோ கார்ல மாட்டி ஓட்டியே காட்டினார்.

ஜெனரல் மோட்டார்ஸ் அவரோட கைகோத்தது. ஆனா பெருமந்தம் வந்ததும் செலவு கட்டுப்படியாகாதுன்னு 1934ல திட்டத்தைக் கைவிட்டாங்க. இரண்டாம் உலகப்போர்ல கனமான ராணுவ வண்டிகளுக்குத் தேவைப்பட்டப்பதான் அதுக்கு மறுபடி உயிர் வந்துச்சு. 1951ல கிரைஸ்லர் இம்பீரியல் கார்ல விற்பனைக்கு வந்தது, டேவிஸோட காலாவதியான பேடன்ட்களை வெச்சு. லாரி இன்ஜினியரோட யோசனை சொகுசுக் கார் வழியா கடைக்கு வந்திருக்கு! நம்ம எண்ணூர் அசோக் லேலண்ட் 1969ல லாரி, பஸ் பக்கம் பவர் ஸ்டியரிங்கைக் கொண்டு வந்துச்சு.

எனக்கு முக்கியமாப் படுறது இதுக்கப்புறம் நடந்ததுதான். சாஃப்ட்வேர்ல மேல ஒரு லேயர் போட்டா வேலை சுலபமாகும், ஆனா கீழே இருக்கிற பிழை கண்ணுல படாது. பவர் ஸ்டியரிங்கும் அப்படித்தான். முன்னாடி மூட்டு தேஞ்சா அந்த உதறலைக் கை நேரா உணரும். இப்போ ஆயில் அதுல பாதியை விழுங்கிடுது.

அமெரிக்க விதிகளைப் பாருங்க. 20 அங்குல ஸ்டியரிங்ல, முன்சக்கரம் அசையறதுக்கு முன்னாடி அனுமதிக்கப்படற ப்ளே, சாதா ஸ்டியரிங்குன்னா 64 மில்லிமீட்டர். பவர் ஸ்டியரிங்குன்னா 133. ரெண்டு மடங்குக்கும் மேல! அதனால கையில தெரியற ஆட்டத்தை மட்டும் நம்பக் கூடாது. இன்ஜின் ஓடணும், ஒருத்தர் ஸ்டியரிங்கை இடவலமா லேசா அசைக்கணும், இன்னொருத்தர் கீழே குனிஞ்சு ஒவ்வொரு மூட்டையும் பாக்கணும்.

பார்ட் வாங்கறதுலயும் இதே கதைதான். 6 முதல் 15 டன் வரையிலான நடுத்தர லாரிகள்ல, ஒரே மாடல் பேர்லயே வேற வேற முன் ஆக்ஸில் வரும். ரெண்டு டிராப் ஆர்ம் பாக்க ஒண்ணு போலவே இருக்கும். நீளம் மாறினா சக்கரம் திரும்பற கோணம் மாறிடும், ஸ்ப்ளைன் மாறினா சரியா உக்காராது. அதனால மாடல் பேர் மட்டும் போதாது. ஆக்ஸில் தாங்கற எடை, ஸ்டியரிங் பாக்ஸ் நம்பர், பழைய பார்ட் நம்பர் மூணும் கையில இருக்கணும். பம்ப் மாத்தினா அதோட அழுத்தம் பாக்ஸுக்குப் பொருந்தணும். டை ராட் எண்ட் மாத்தினா புது காட்டர் பின் போட்டு, டோ-இன் திரும்ப செட் பண்ணணும். வளைஞ்ச ராடைச் சூடு பண்ணி நிமித்தறது, வெல்டிங் வெக்கறது கூடவே கூடாது. அந்தச் சிக்கனத்துக்கான விலையை ரோட்டுல எதிர்ல வர்றவங்களும் சேர்ந்து கொடுக்கணும்.

டேவிஸ் டிரைவரோட தோளைக் காப்பாத்தினார். ஆனா தேய்மானத்தைக் கண்டுபிடிக்கிற வேலையையும் அந்தத் தோள்தான் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அந்த வேலையை இப்போ யாராவது குனிஞ்சு பாத்துச் செஞ்சாகணும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.