மாட்டிறைச்சியின் ருசியை யார் தீர்மானித்தது?

அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மச்சான் ஒருவன் எங்கட வீட்டு மாட்டிறைச்சிக் கறியைச் சாப்பிட்டுவிட்டு, "அங்க எவ்வளவு தூள் போட்டாலும் இந்த ருசி வருதில்லையடா" என்றான். அம்மா தன்ர கைப்பக்குவம் எண்டு சந்தோசப்பட்டா. கைப்பக்குவம் பாதிதான். மிச்சப் பாதி மாட்டில் இருக்கிறது. மாடு ஏன் நாட்டுக்கு நாடு மாறுது எண்டு தேடிப்போனால், கதை குசினியில் நிற்பதில்லை. அது கப்பலுக்கும் சட்டத்துக்கும் சாதிக்கும் எங்களைக் கொண்டுபோகிறது.

முதலில் அடிப்படை. மாட்டிறைச்சிக்கு உரிய மணம் பெரும்பாலும் கொழுப்பில்தான் இருக்கிறது. புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பு, புல்லிலுள்ள கரோட்டினால் சற்று மஞ்சளாக இருக்கும்; புல் வாடையும் இருக்கும். சோளம் தின்று கொழுத்த மாட்டின் கொழுப்பு வெள்ளை, ருசியும் மென்மை. வயதுபோன, வேலை செய்த மாட்டின் தசை கடுஞ்சிவப்பு. கடிக்கக் கஷ்டம், ஆனால் ருசி கூட. வெட்டிய இறைச்சியை இரண்டு மூன்று கிழமை குளிரில் தொங்கவிட்டால், அதிலுள்ள நொதியங்களே அதை மெதுவாக்கிவிடும்.

சரி, எந்த நாட்டு மாடு எதைத் தின்ன வேண்டும், எத்தனை வயதில் சாக வேண்டும் எண்டு முடிவெடுத்தது யார்?

ஆர்ஜென்டீனாவைப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்த மாடுகள் பம்பாஸ் புல்வெளியில் காடு பத்திப் பெருகின. அப்போது விலை தோலுக்கும் கொழுப்புக்கும்தான். இறைச்சியை உப்புப் போட்டுக் காயவைத்து, பிரேசிலிலும் கியூபாவிலும் இருந்த அடிமைகளின் உணவாக ஏற்றுமதி செய்தார்கள். 1876இல் 'ஃபிரிகோரிஃபிக்' என்ற பிரெஞ்சுக் கப்பல், குளிரூட்டிய இறைச்சியோடு அத்திலாந்திக்கைக் கடந்து புவனெஸ் அயர்ஸ் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு எல்லாம் மாறியது. பிரித்தானியச் சந்தைக்குப் பிடித்த இறைச்சி வேண்டுமென்று பிரித்தானிய இனக் காளைகளோடு கலந்தார்கள், அல்ஃபால்ஃபா புல் விதைத்தார்கள். இன்று 'ஆர்ஜென்டீனா ருசி' எண்டு புகழப்படுவதில் பிரித்தானியச் சாப்பாட்டு மேசைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இதைவிட எனக்கு ஜப்பான் கதைதான் உறைத்தது.

675இல் தென்மு பேரரசர் பயிர்ச்செய்கை மாதங்களில் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி தின்னத் தடை போட்டார். பௌத்தமும் ஒரு காரணம், உழவுக்கு மாடு வேண்டும் என்பதும் ஒரு காரணம். அதன்பின் பல நூற்றாண்டுகளாக மாடு அங்கே உழவுத் துணைதான். ஆனால் தடை எல்லோருக்கும் ஒரேமாதிரி இல்லை. ஹிக்கோனே பிரபுக்கள் மிசோவில் ஊறவைத்த மாட்டிறைச்சியை 'மருந்து' என்ற பெயரில் ஷோகனுக்கு அனுப்பினார்கள்! செத்த மாட்டைத் தூக்கி, தோலுரித்த மக்களோ தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டார்கள். அவர்களுக்கு இட்ட 'எத்தா' என்ற பெயரை எழுதிய எழுத்துகளின் பொருளே 'அழுக்கு நிறைந்தவர்'.

1868இல் கோபே துறைமுகம் திறந்தது. வெள்ளைக்காரர் மாட்டிறைச்சி கேட்டார்கள். 1872இல் மெய்ஜி பேரரசரே மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வெளியானது. எதிர்த்து அரண்மனைக்குள் நுழைய முயன்ற துறவிகளில் சிலர் கொல்லப்பட்டார்கள். நேற்றுவரை பாவமாக இருந்தது ஒரே நாளில் நாகரிகமாயிற்று. உழவு மாடுகளை ஐரோப்பிய இனங்களோடு கலந்தார்கள். 1944இல் கறுப்பு வாக்யூ தனி இனமாக ஏற்கப்பட்டது. 1991இல் இறக்குமதிக் கட்டுப்பாடு நீங்கி மலிவு இறைச்சி வந்து குவிந்தபோது, ஜப்பானிய விவசாயிகள் விலையில் போட்டி போட முடியாமல், தசைக்குள் வெள்ளைக் கோலம் போட்டதுபோலக் கொழுப்பு படரும் இறைச்சியில் முழுக் கவனத்தையும் வைத்தார்கள். வாயில் வைத்தால் கரையுதே அந்த வாக்யூ, அது ஆதிகாலத்து ருசி இல்லை. அண்மைக்கால வரலாறு.

ஆனால் ஒன்று மாறவில்லை. தீண்டாமையைச் சட்டம் 1871இலேயே நீக்கியது. அதே இறைச்சி உலகின் விலை கூடிய உணவாகவும் ஆனது. அந்த மக்களின் வாரிசுகளோ கலியாணத்திலும் வேலையிலும் பாகுபாட்டைச் சந்தித்துக்கொண்டே இருந்தார்கள். இறைச்சிக்குக் கிடைத்த மரியாதை, அதை வெட்டின கைக்குக் கிடைக்கவில்லை.

இது எங்களுக்குப் புதுக் கதையா? எங்கட மாடும் உழுது, பால் தந்து, வயதுபோனபிறகுதான் கடைக்கு வரும். காலையில் வெட்டினது மத்தியானம் சட்டியில். அதனால்தான் அம்மா அவ்வளவு நேரம் அவிய விடுறா, அந்த ருசியும் அங்கிருந்துதான் வருது. வாங்கும்போது பேப்பரில் சுத்தி, பையின் அடியில் ஒளித்துக் கொண்டுவருவதும், "இவை மாடு தின்னுற ஆக்கள்" எண்டு குரலைத் தாழ்த்திச் சொல்வதும் எங்கட ஊர்ப் பழக்கம்தான்.

மச்சானுக்கு அவுஸ்திரேலியாவில் கிடைக்காதது ருசி மட்டும். பையை ஒளிக்கிற தேவையும் அவனுக்கு அங்கே இல்லை.