கெண்டி கடந்த கடல்

தேநீர்க் கெண்டிகளைச் சேர்த்து வைப்பது சீமான்களின் வீண் பொழுதுபோக்கு என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அன்பர்களே, கெண்டி என்னும் சொல்லையே சற்று நோக்குங்கள். மூக்கு வைத்த நீர்க்கலத்தை நாம் கெண்டி என்கிறோம். மலாய்க்காரரும் கெண்டி என்றே வழங்குகின்றனர். குண்டிகை என்னும் வடசொல்லின் வழி வந்தது என்பர் அறிஞர். மிங் மன்னர் காலத்திலேயே சீனக் குயவர் இப்பக்கத்துச் சந்தைகளுக்கெனப் பீங்கானிற் கெண்டி செய்து கப்பலேற்றினர். சொல்லும் கலமும் கடல் கடந்தபோது எவரும் குலங்கோத்திரம் வினவவில்லை!

சீனத்துப் பீங்கானைக் கண்டு மயங்கிய ஐரோப்பியர் அதன் சூத்திரம் அறியாது திகைத்தனர். பிளாரன்சை ஆண்ட பிரான்செஸ்கோ மெடிசி 1575-ல் உலை மூட்டினான். கிடைத்தது பீங்கானின் சாயலே. 1587-ல் அவன் இறக்கவே முயற்சியும் அவிந்தது. பின்னர்ச் சாக்சனி மன்னன் தன் காவலில் வைத்திருந்த பெட்கர் என்னும் இரசவாதி சூத்திரத்தை அறிய, 1710-ல் மைசன் ஆலை எழுந்தது. அங்கிருந்து நழுவிய ஹுங்கர் என்பவன் துணையால் வெனிஸ் நகரப் பொற்கொல்லர் வெசி 1720-ல் ஆலை தொடங்கினார். சாக்சனி மண் வரத்து நின்றது; 1727-ல் ஆலையும் மூடிற்று. இன்று அவ்வாலையின் தேநீர்க் கெண்டிகள் காட்சிச்சாலைகளின் அரும்பொருள்கள். 1735-ல் கார்லோ ஜினோரி பிரபு டோச்சியாவில் நிறுவிய ஆலையே நீடித்தது. 1923 முதல் 1930 வரை ஜியோ போன்டி என்னும் கட்டடக்கலைஞர் அதற்குப் புதுக்கோலம் அளித்தார்.

நேப்பிள்ஸ் மன்னன் சார்லஸின் செய்தி வேடிக்கையானது. 1743-ல் கபோடிமோன்டேயில் ஆலை கண்ட அவன், 1759-ல் ஸ்பெயின் நாட்டு அரியணை ஏறப் புறப்பட்டபோது தொழிலாளரையும் அச்சுகளையும் மண்ணையுங்கூட உடன் கொண்டு சென்றான். தொழில் உலையில் இல்லை, உழைப்பவன் கையில் உள்ளது என்பதை அம்மன்னன் நம் முதலாளிமாரினும் நன்கறிந்திருந்தான் போலும். அவன் மகன் காலத்து ஆலை முடியும் அதன்கீழ் 'என்' எழுத்தும் பொறித்தது. பிற்காலத்தார் அக்குறியைப் பொய்யாக எண்ணற்ற கலங்களில் இட்டுக் கபோடிமோன்டே என விற்றனர். அடிப்புறக் குறியை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பது பேதைமை.

இனி நம் பினாங்குக்கு வருவோம். இங்குள்ள பாபா, நோன்யா குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிங்டெசென் உலைகளிலிருந்து தமக்கென வண்ணப் பீங்கான் வரவழைத்தனர். இளஞ்சிவப்பும் பச்சையும், பீனிக்ஸ் பறவையும் பியோனி மலருமாக அவை பொலியும். மணவீட்டில் மணமக்கள் பெரியோர்க்குத் தேநீர் வழங்குவது இத்தகைய கெண்டியிலேதான். துக்க வீட்டிலோ நீலமும் வெண்மையுமே. சீனத்துப் போர்களும் உலக வாணிக மந்தமும் வரத்தை நிறுத்தின. 1941 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட துன்பக் காலமும் அதன் பின்விளைவும் குடும்பச் சொத்துகள் பலவற்றைக் கைமாறச் செய்தன.

சர்ச் வீதியில் கப்பித்தான் சுங் கெங் குவீ 1890-களில் எழுப்பிய மாளிகை இன்று பெரானாக்கான் காட்சிச்சாலையாக விளங்குகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பழம்பொருள்கள் அங்குள. கப்பித்தானோ பாபா அல்லர், ஹக்கா சீனர்! ஆயினும் வீடு பொருத்தமாய் அமைந்துவிட்டது.

கமரன் மலையில் 1929-ல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய காலந்தொட்டு அங்கே கொழுந்து கிள்ளியவருள் நம் தமிழர் பலர். அவர்கள் தேநீர் பருகியது தகரக் குவளையில். அக்குவளையைச் சேர்த்து வைத்தவர் எவரையும் தோட்டத்துக் கிராணியாகிய நான் இதுகாறும் கண்டிலேன்.

பழங்கெண்டிகளில் விரிசலைத் துளையிட்டு உலோகக் கொக்கியால் பிணைத்தவையும் உண்டு. வணிகர் அவற்றின் விலையைக் குறைத்துவிடுவர். வாங்குமளவு பொருள் என்னிடம் இருப்பின், முதலில் அவற்றையே கேட்பேன்.